தனியாக இருக்கும் அம்மா அப்பா: பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கும்பகோணத்தில் எங்கள் பகுதியில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாக வாழும் பெரியவர்களின் வீடுகளுக்கு எட்டு வருடமாகப் போய் வருகிறேன். பி.பி. பார்க்கும் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் யாரும் கதவைச் சாத்துவதில்லை. பி.பி. பார்க்க ஐந்து நிமிடம், அதற்கப்புறம் பேச்சு முக்கால் மணி நேரம்.

அந்தப் பிள்ளைகள் எனக்குப் போன் செய்வார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், டல்லாஸிலிருந்து ஒருவர், ஓசூரிலிருந்து ஒருவர். ஊர்தான் வேறு, கேள்வி ஒன்றுதான். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர் சொல்ல வேண்டிய இடம் வந்தால் அங்கே அனுப்புகிறேன்.

அம்மா தனியா இருக்காங்கதான். ஆனா நல்லாத்தானே இருக்காங்க, இதுல என்ன பிரச்சினை?

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். எங்கள் தெருவில் 79 வயதுப் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். கணவர் போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. காலையில் கோலம் போடும்போதே நாலு வீட்டோடு பேசி முடித்துவிடுவார். பூக்காரம்மா வந்தால் கால் மணி நேரம், சாயங்காலம் கோயில். ஒரு நாள் அவர் வாசலில் கோலம் இல்லையென்றால் எட்டு மணிக்குள் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். அதே தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், மகன் மருமகள் பேரன் எல்லோரும் இருக்கும் வீட்டில், மாடி அறையில் இருக்கிறார். சாப்பாட்டுத் தட்டு மேலே போகும், காலியாகிக் கீழே வரும். ஒரு நாள் நான் போனபோது, "இன்னிக்கு என்கிட்ட முதல்ல பேசற ஆள் நீங்கதான்" என்றார். அப்போது மணி நாலு.

அதனால் வீட்டில் எத்தனை பேர் என்று நான் எண்ணுவதில்லை. இவர் ஒரு நாள் கண்ணில் படாவிட்டால், அன்றைக்கே கவனித்துத் தேடி வரக்கூடியவர்கள் நடந்து வரும் தூரத்தில் எத்தனை பேர் என்று எண்ணுகிறேன். மூன்று பேர் இருந்தால் நிம்மதி. ஒருவர்கூட இல்லையென்றால், "நல்லாத்தான் இருக்காங்க" என்பதை நான் நம்ப மாட்டேன். இந்தக் கணக்கைக் கீழே பல பதில்களில் மறுபடி எடுப்பேன்.

தனிமைங்கறது மனசு சம்பந்தப்பட்டதுதானே? உடம்புக்கு என்ன ஆயிடப்போகுது?

நிறையவே ஆகும். 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களோடு ஒன்றுசேர்த்துப் பார்த்து 2010இல் அமெரிக்காவில் ஓர் அறிக்கை வந்தது. உறவும் நட்பும் வலுவாக இருப்பவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50% அதிகம் என்றது. 2023இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி ஓர் எச்சரிக்கையே வெளியிட்டார். மனிதத் தொடர்பு குறைந்தால் இதய நோய்க்கான ஆபத்து 29%, பக்கவாதத்துக்கான ஆபத்து 32% கூடுகிறது என்று அதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்கிறது. தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021 கணிப்பின்படி மக்கள்தொகையில் 13.6%. கேரளாவுக்கு அடுத்து நாம்தான். ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

எப்படி நடக்கிறது என்பதற்கு ஜான் கசியோப்போ என்ற உளவியல் அறிஞர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடிக்கும். பசி, தாகம்போலத் தனிமையும் உடம்பு அடிக்கும் ஒரு மணி. கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டாய், ஆபத்து, சேர்ந்துகொள் என்கிறது. மாதக்கணக்கில் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தால் தூக்கம் துண்டு துண்டாகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, உடம்பு எப்போதும் காவல் காப்பதுபோல் இருக்கிறது. மனமும் அதேபோல ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்காமல் போனால் "வேணும்னேதான் போறான்" என்று தோன்றும். தனிமை முற்றியவர்கள் சிடுசிடுப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அந்தச் சிடுசிடுப்பைப் பார்த்து வருகிறவர்களும் வராமல் போகிறார்கள்.

அப்புறம் சமையலறை வழியாக வரும் கெடுதல். "ஒருத்திக்கு எதுக்குச் சமைக்கணும்?" என்ற பேச்சு என் காதில் விழாத வாரம் இல்லை. மூன்று வேளையும் மோர்சாதம், ஊறுகாய். பருப்பு கிடையாது, காய் கிடையாது. மூன்றே மாதத்தில் கால் தளர்ந்து, பாத்ரூமில் விழுவார்கள்.

தினமும் வீடியோ கால் பேசறேன். அது போதாதா?

பேசுங்கள், விடவே விடாதீர்கள். ஆனால் என்ன பேசுகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? சுகர் எவ்வளவு?" பெரும்பாலும் இவ்வளவுதான். அது விசாரணை. பதில் சொல்கிறவருக்குத் தான் ஒரு நோயாளி என்ற நினைப்புதான் மிஞ்சும்.

டல்லாஸில் இருக்கும் ஒருவர் இதை மாற்றினார். அவருடைய அப்பா மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். பேத்திக்கு வாரம் மூன்று நாள், சாயங்காலம் ஆறரைக்கு, தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவரிடம் விட்டார். கால் மணி நேரம்தான். அந்த மூன்று நாளும் பெரியவர் ஐந்தரைக்கே முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டு, சிலேட்டோடு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையைப் பற்றி யாரும் கேட்காமலே போட்டுக்கொள்கிறார். தாத்தா வரவில்லையென்றால் ஒரு குழந்தை தேடும் என்று அவருக்குத் தெரிகிறது.

ஆனாலும் வீடியோ கால் வந்து கதவைத் தட்டாது. முதல் கேள்வியில் சொன்ன கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

போன்ல கேட்டா "நல்லா இருக்கேன்"ங்கறார். உண்மையை எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரு வீட்டைச் சொல்கிறேன். வெளியே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பெரியவர் சிரித்தார், காபி வேண்டுமா என்றார். சுவரில் தினசரி காலண்டர். அன்றைக்குத் தேதி 19. காலண்டரில் 8. பதினோரு நாளாகத் தாள் கிழிக்கப்படவில்லை. அதன் கீழே ஸ்டூலில் செய்தித்தாள்கள், ரப்பர் பேண்ட் கழற்றாமல், சுருட்டியது சுருட்டியபடியே அடுக்கியிருந்தன. நாற்பது வருடம் காலை எழுந்ததும் தாளைக் கிழித்து ராசிபலன் படித்த மனிதர். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் காலண்டரைப் பார்க்கிறேன்.

போனில் பேசும்போது "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். "நேத்து என்ன குழம்பு?", "காலையில வாசல்ல யாரைப் பார்த்தே?", "கடைசியா வெளியே எப்ப போனே?" என்று கேளுங்கள். பதிலில் மனிதர்கள் பெயரே வரவில்லையென்றால் அதுதான் செய்தி. பால்காரரிடமோ பக்கத்து வீட்டிலோ விசாரிப்பதாக இருந்தால் அம்மா அப்பாவுக்குத் தெரிந்தே செய்யுங்கள். தெரியாமல் செய்து, அது வெளியே வந்து, பேச்சே நின்றுபோன வீடு ஒன்று உண்டு.

வயசானா எல்லாருக்கும் சோர்வு இருக்கத்தானே செய்யும்? எப்ப இதை நோய்னு எடுத்துக்கணும்?

வயதானால் மனச்சோர்வு வந்தே தீரும் என்பது தவறான நம்பிக்கை. நானும் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ மனம் கனத்துக் கிடந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அதோடு விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்வது, ரவிக்கை தொளதொளவென்று ஆகும் அளவு இளைப்பது, "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற பேச்சு இவை சேர்ந்தால் தள்ளிப்போடவே கூடாது. நம் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். "உடம்பு முடியலை", "நெஞ்சு படபடங்குது", "வயித்துல என்னவோ பண்ணுது" என்பார்கள். மூன்று ஸ்கேன் எடுத்து எல்லாம் நார்மல் என்று வந்தபிறகும் வலி போகவில்லையென்றால் மனதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தனிமையையும் நோயையும் பிரித்தறிய நான் பார்க்கும் அடையாளம் ஒன்று இருக்கிறது. தனிமையில் இருப்பவர் ஆள் வந்தால் மலர்வார், போனதும் வாடுவார். மனச்சோர்வு நோய் இருப்பவர் பேரன் வந்து மடியில் உட்கார்ந்தாலும் மலர மாட்டார். முதலாவது நீண்டால் இரண்டாவதில் கொண்டுபோய் விடும் என்பதையும் மறக்கக் கூடாது. தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு, ரத்தசோகை, ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறைவது ஆகியவையும் இதேபோல் காட்டும். அதனால் ரத்தப் பரிசோதனை முதலில்.

அப்பா எல்லாத்தையும் மறந்துடறார். இது மறதி நோயா, இல்ல தனியா இருக்கறதாலயா?

வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாத கேள்வி இது. மனச்சோர்வில் இருப்பவர் "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்கறதில்லை" என்று தானே வந்து புலம்புவார். மறதி நோய் தொடங்கியவர் பெரும்பாலும் மறைப்பார், சமாளிப்பார், பொருளைக் காணோம் என்றால் வேலைக்காரம்மா எடுத்துவிட்டாள் என்பார். ஆனால் இது சுட்டிக்காட்டும் அளவுக்குத்தான். இரண்டும் சேர்ந்தும் வரும். மறதி வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே ஆட்களைத் தவிர்க்கத் தொடங்குகிறவர்களும் உண்டு.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல், நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோய்களில் கிட்டத்தட்ட 45% வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அந்தப் பட்டியலில் ஆள் தொடர்பு அற்றுப்போவதும் இருக்கிறது, காது மந்தமாவதும் இருக்கிறது.

காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். போடவே மாட்டேங்கறாரே?

முதல் சில வாரங்களுக்கு மிக்ஸி சத்தமும் பஸ் சத்தமும் தலைக்குள் புகுந்துவிட்டதுபோல் இருக்கும். பெட்டிக்குள் போய்விடுவது அப்போதுதான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு பேச மட்டும் என்று ஆரம்பியுங்கள். வாங்கிய இடத்துக்கு மறுபடி கூட்டிப்போய் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரு முறை போனால் போதாது. காது கேட்காதவரை வீட்டில் எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள், கத்தினால் திட்டுவதுபோல் இருக்கிறது, அதனால் அவர் அறைக்குள் போய்விடுகிறார். நான் பார்த்த தனிமைகளில் பாதி காதில் ஆரம்பித்தவை.

அம்மா போய் ஆறு மாசம் ஆச்சு. அப்பா இன்னும் அப்படியே உக்காந்திருக்கார். என்ன பண்றது?

என் வீட்டிலும் இதுதான் நடந்தது. அம்மா போனபோது அப்பாவுக்கு 76. அரிசி டப்பா எது, ரவை டப்பா எது என்று அவருக்குத் தெரியாது. அதைவிட, பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயரெல்லாம் அம்மா மூலமாகத்தான் அவருக்குத் தெரியும். கல்யாணம், வளைகாப்பு, துக்கம் என்று யார் வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்ற கணக்கு அம்மா தலையில் இருந்தது. அம்மாவோடு அத்தனை கதவும் சாத்திக்கொண்டது. நான் அதைச் சாப்பாட்டுப் பிரச்சினை என்று நினைத்து, ஒரு வருடம் முழுக்க டிபன் கேரியர் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அவரை மீட்டது ரேஷன் கடைதான். பக்கத்துத் தெருவில் நடக்க முடியாத ஒரு பாட்டிக்குப் பொருள் வாங்கித் தர ஆள் இல்லை என்று யாரோ சொல்ல, அப்பா போனார். மறுமாதமும் போனார். வரிசையில் நின்றதில் இரண்டு பேர் பழக்கமானார்கள். அவர்களோடு டீக்கடை. டீக்கடையில் ஒரு நாள் இவரைக் காணவில்லை என்று ஒருவர் சைக்கிளில் வீட்டுக்கே வந்து விசாரித்தார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

துக்கத்துக்குக் கெடு வைக்காதீர்கள். ஆறு மாதத்தில் அழுவது நோயாகாது. ஆனால் ஆறு மாதமாக வீட்டை விட்டே வெளியே வராதது, குளிக்காதது, இதுவரை இல்லாத குடிப்பழக்கம் வருவது என்றால் மேலே நோயைப் பற்றிச் சொன்னது பொருந்தும். ஆண்கள் விஷயத்தில் குடியைக் கட்டாயம் கவனியுங்கள், யாரும் சொல்ல மாட்டார்கள்.

எங்ககூட வந்து இருங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டாலும் வர மாட்டேங்கறாங்க. பிடிவாதமா?

பிடிவாதம் என்று நீங்கள் நினைப்பது பல சமயம் சரியான கணக்கு. ஊரில் அவர்களைத் தேட நாலு பேர் இருக்கிறார்கள். உங்கள் அடுக்குமாடியில் நீங்கள் மட்டும்தான், அதுவும் இரவு எட்டு மணிக்கு மேல்.

சரி, கூட்டிக்கிட்டு வந்துட்டோம். இங்க வந்தப்புறம்தான் இன்னும் மோசமா இருக்காங்க. ஏன்?

இதை நான் அதிகம் கேட்பது பெங்களூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும். மொழி தெரியாது, தனியாக வெளியே போனால் திரும்பி வரத் தெரியாது, சாவி கையில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் வீட்டில் எஜமானியாக இருந்தவர் இங்கே விருந்தாளி. ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூடத் தயங்குவார்கள். நியூஜெர்சிக் குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிட, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததை ஓர் அம்மா எனக்குச் சொன்னார். "கார் போகுது, ஆள் போகலை" என்றார்.

முதலில் அடுப்பில் ஒரு வேளையை அவர்களிடம் முழுசாக விடுங்கள். உப்புக் கூடினாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுங்கள். அப்புறம் தமிழ் பேசுகிற, அதே வயதுள்ள ஒருவரையாவது அந்தக் கட்டிடத்தில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான இடங்களில் இருப்பார்கள், அவர்களும் உள்ளேயே அடைந்திருப்பார்கள். ஊர் வீட்டை உடனே விற்றுவிடாதீர்கள். திரும்பிப் போக இடம் இருக்கிறது என்ற நினைப்பிலேயே பலர் புது இடத்தில் தங்கிப் பழகுகிறார்கள்.

இருபத்தி நாலு மணி நேரமும் ஆள் வெச்சிருக்கோமே. அப்புறம் என்ன தனிமை?

விழாமல் பார்த்துக்கொள்ள ஆள் தேவைதான். ஆனால் ஏஜென்சி மாதாமாதம் ஆளை மாற்றினால் பெயர் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். பல வீடுகளில் அந்தப் பெண் ஓர் ஓரத்தில் செல்போன் பார்ப்பார், அம்மா இன்னோர் ஓரத்தில் டிவி பார்ப்பார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவரும் தன் குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர். ஒரே ஆள் நீடிக்கும்படி சம்பளமும் விடுமுறையும் கொடுங்கள். தினம் அம்மாவை வெளியே ஒரு இடத்துக்குக் கூட்டிப்போவதை வேலையில் சேர்த்துச் சொல்லுங்கள். கோயிலோ பூங்காவோ தெருமுனையோ, எதுவானாலும் சரி.

முதியோர் இல்லத்துல சேர்த்தா ஊர் என்ன சொல்லும்?

ஊர் ஏதாவது சொல்லும். அவர்களின் சம்மதத்தோடு, அவர்களே போய்ப் பார்த்து, ஒரு வாரம் தங்கிப் பார்த்துச் சேர்ந்த இடத்தில் நன்றாக இருப்பவர்களை நான் அறிவேன். மதியச் சாப்பாட்டு மேஜையில் ஒருவரைக் காணவில்லையென்றால் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய்ப் பார்ப்பார். ஊர் வீட்டில் அது கிடைக்கவில்லையே. "சும்மா ரெண்டு நாள்" என்று பொய் சொல்லிக் கொண்டுபோய் விடுவது மட்டும் வேண்டாம். அந்தக் காயம் ஆறி நான் பார்த்ததில்லை.

சும்மா வந்து பேசிட்டுப் போறதால நோய் வராம இருக்குமா?

கோவாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். லேசான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 181 பேர். ஒரு பாதிக்கு, மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள் போய்ப் பேசினார்கள். அன்றாடப் பிரச்சினையை எப்படிப் பிரித்துத் தீர்ப்பது, தூக்கத்தை எப்படிச் சீராக்குவது, அரசு உதவி எப்படி வாங்குவது என்றெல்லாம். ஒரு வருடத்தில் அவர்களில் மனச்சோர்வு நோய் வந்தவர்கள் சுமார் 4%. வழக்கமான கவனிப்பில் இருந்த மறுபாதியில் சுமார் 14%. 2019இல் வெளியான முடிவு இது. சும்மா பேச்சு இல்லை, நோக்கத்தோடு பேசிய பேச்சு என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் சுகர், பி.பி. மாத்திரையோடு வீட்டுக்கே பெண்கள் வருகிறார்கள். எத்தனையோ வீடுகளில் அந்த வாரம் வாசல்படி ஏறிய ஒரே மனிதர் அவர்தான். அவரை நிற்க வைத்தே அனுப்பாமல் உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுங்கள் என்று எல்லாப் பெரியவர்களிடமும் சொல்கிறேன்.

மனநல டாக்டர்னு சொன்னாலே "எனக்கென்ன பைத்தியமா?"ன்னு கத்தறார். எப்படிக் கூட்டிப்போறது?

தூக்கத்துக்கோ வலிக்கோ என்று சொல்லி, முதலில் அவர் நம்பும் குடும்ப மருத்துவரிடம் போங்கள். அது பொய் இல்லை, தூக்கமும் வலியும் உண்மையாகவே இருக்கின்றன. முதியோர் நல மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது. சென்னை கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையே திறந்திருக்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. வர மறுத்தால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416க்கு நீங்களே கூப்பிடலாம். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதியோர் உதவி எண் 14567.

மாத்திரை ஆரம்பிச்சா வாழ்நாள் பூரா போடணுமாமே?

மனச்சோர்வு மாத்திரையை எல்லோரும் அப்படிப் போட வேண்டியதில்லை. ஆனால் வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்துவதும், நன்றாக ஆனவுடன் தாங்களே நிறுத்துவதும்தான் நான் காணும் பெரிய தவறுகள். நிறுத்துவது மருத்துவர் சொல்லி, படிப்படியாக.

இரண்டு எச்சரிக்கை, செவிலியராகச் சொல்கிறேன். சில மனச்சோர்வு மாத்திரைகள் பெரியவர்களுக்குச் சோடியத்தைக் குறைத்துவிடும், அதிலும் பி.பி.க்கு நீர் மாத்திரை போடுகிறவர்களுக்கு. ஆரம்பித்த சில வாரங்களுக்குள் திடீரென்று குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை. அடுத்தது, கடையில் பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரை வாங்கிப் போடும் வழக்கம். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் பலரை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். மாத்திரையால் அறிகுறி குறையும், ஆள் வந்து கதவைத் தட்ட நாம்தான் வழி செய்ய வேண்டும். இரண்டும் வேண்டும்.

"போய்ச் சேர்ந்தா தேவலை"ன்னு அடிக்கடி சொல்றாங்க. வயசானவங்க பேச்சுதானேன்னு விட்டுடலாமா?

விடாதீர்கள். வாய்ப்பேச்சாகச் சொல்கிறவர்களும் உண்டு, மனதார நினைக்கிறவர்களும் உண்டு. கேட்டால்தான் தெரியும். "அம்மா, உசிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலர் யாராவது கேட்டார்களே என்று அழுதுவிட்டு மனம் திறந்திருக்கிறார்கள். "அப்படிப் பேசாதே" என்று வாயை அடைப்பதுதான் ஆபத்து.

எப்படி என்று யோசித்து வைத்திருந்தாலோ, நகை, பத்திரம், பாஸ்புக் எல்லாவற்றையும் திடீரென்று ஒழுங்குபண்ணி ஒப்படைத்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அதுவரை தனியாக விடக்கூடாது. நீங்கள் தூரத்தில் இருந்தால் பக்கத்தில் இருப்பவரை உடனே அனுப்புங்கள். வீட்டில் மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள், பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். 14416 இருக்கிறது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. போலீஸ் வரும் என்று பயந்து தற்கொலை முயற்சியை மறைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருப்பவராகத்தான் பார்க்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. மருத்துவமனையில் உண்மையைச் சொல்லுங்கள்.

எனக்கே எழுபத்தி நாலு வயசு. பசங்ககிட்ட சொன்னா பாவம், கவலைப்படுவாங்க. இனிமே போய் யார்கிட்டம்மா பழகறது?

பிள்ளைகளே கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பெரியம்மா கேட்ட கேள்வி இது. பெரியம்மா, புதிதாக உயிர்த்தோழி தேட வேண்டாம். தினம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் போய் உட்காருங்கள். கோயில் பிரகாரத்தில் அதே தூணுக்குப் பக்கத்தில், நூலகத்தில் அதே நாற்காலியில். பேச்சு வரும்போது வரட்டும். மூன்று வாரம் போனால் நாலாம் வாரம் ஒருவர், "நேத்து காணோமே?" என்பார். அதோடு, யாருக்காவது ஒரு வேலை செய்து கொடுங்கள். பூக்கட்டிக் கொடுப்பதோ, எதிர்வீட்டுக் குழந்தையைப் பள்ளிவிட்டு வந்ததும் அரை மணி நேரம் பார்த்துக்கொள்வதோ. பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாததால்தான் அவர்கள் எனக்குப் போன் செய்து கேட்கிறார்கள்.

அடுத்த மாசம் பதினைஞ்சு நாள் லீவுல ஊருக்கு வர்றேன். இருக்கற நாள்ல என்ன செஞ்சுட்டுப் போகலாம்?

எல்லோரும் வந்ததும் ஆர்.ஓ. மெஷின், சிசிடிவி, புது மெத்தை வாங்குகிறார்கள். முதல் மூன்று நாள் ஒன்றும் வாங்காமல், அம்மாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கூடவே இருந்து பாருங்கள். காது, கண், ரத்தப் பரிசோதனைகளை நாலாம் ஐந்தாம் நாளில் முடித்துவிடுங்கள். பல்லையும் சேர்த்து. பல் இல்லாமல் வெளியே சாப்பிடக் கூச்சப்பட்டு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தியவர்கள் உண்டு.

அப்புறம் அக்கம்பக்கம். எதிர்வீடு, பால்காரர், மருந்துக்கடை, அயர்ன் கடைக்காரர். வெறும் "பார்த்துக்கோங்க" என்று சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். "காலையில எட்டு மணிக்குள்ள வாசக்கதவு திறக்கலைன்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று எண்ணைக் கொடுத்துச் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள். ஒரு நாள் அவர்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மா கையால் சமைத்துப் போடச் சொல்லுங்கள். நீங்கள் போனபிறகு அந்தச் சாப்பாட்டுக்காக அவர்கள் அம்மாவைத் திருப்பிக் கூப்பிடுவார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள், அடுத்து எப்போது வருவீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். "சீக்கிரம் வரேன்" வேண்டாம். தினசரி காலண்டரில் அந்தத் தாளைப் புரட்டி, ஓரத்தை மடித்து, பேனாவால் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். அந்தத் தாள் வர வேண்டுமென்றால் அதற்கு முந்தின தாளையெல்லாம் தினம் அவர் கிழித்தாக வேண்டும்.